வெள்ளத்தில் நின்றுபோன படம்

“நாளைய படத்திலும் நாய் செத்து, பிள்ளைகள் அழுதால், அடுத்த ஆண்டு படம் கிடையாது.”

சென்ற மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் பங்குத்தந்தை எனக்குக் கொடுத்தனுப்பிய சீட்டு இது. தேதியோடு கோப்பில் வைத்திருக்கிறேன்.

திண்டுக்கல்லில் எங்கள் ஆலயத்தின் கோடை மறைக்கல்வி வகுப்பு முடியும் நாளில் பிள்ளைகளுக்குப் படம் போடுவது என் பொறுப்பு. சிறுவனும் அவன் நாயும் என்றால்தான் மண்டபம் நிறையும். எல்லாம் வெளிநாட்டுப் படங்கள். ஒலியைக் குறைத்துவிட்டு மைக்கில் தமிழில் எல்லோருக்கும் நானே பேசுவேன்: சிறுவன், அப்பா, போலீஸ், நாய். முந்தைய ஆண்டுப் படத்தில் கடைசியில் நாய் இறந்துபோக, படம் முடிந்ததும் பரிமாறிய பிரியாணியைப் பிள்ளைகள் ஒருவரும் தொடவில்லை. சீட்டு வந்தது அதனால்தான்.

இந்த முறை நாய் பிழைக்கும் படம் என்று சொல்லி நண்பர் ஒருவர் பென் டிரைவில் தந்தார். படமும் ஒலியும் சரியா என்று முதல் பத்து நிமிடம் பார்த்தேன். முடிவைப் பார்க்கவில்லை. எதையும் இருமுறை சரிபார்க்கிற நான் செய்த பிழை அது.

சனிக்கிழமை மாலை. ஆற்று வெள்ளத்தில் விழுந்த சிறுவனைக் கரையில் தள்ளிவிட்டு நாய் மூழ்குகிறது. அங்கே படம் நின்றது. பென் டிரைவில் படம் பாதிதான் பதிவாகியிருந்தது.

முன்வரிசைச் சிறுமி எழுந்தாள். “சார், செத்துருச்சா?” உதடு பிதுங்கியது. பங்குத்தந்தை மண்டபத்தின் பின்பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

மைக்கை இறுகப் பிடித்தேன். “எங்க செத்துச்சு? அந்தா நீந்துது பாரு! நம்ம குடகனாத்துத் தண்ணி இம்புட்டு இழுத்தாலும் நாயி விடுமா? தாடிக்கொம்புக்கிட்ட கரையேறிருச்சு!”

“வெளிநாட்டு நாயி தாடிக்கொம்புக்கு எப்புடி சார் வந்துச்சு?” என்று ஒரு பையன் கேட்டான்.

“ஏலே, வெள்ளத்துல வாரது ஊரு கேட்டா வரும்?” என்றான் பின்னாலிருந்து ஒருவன்.

மண்டபமே சிரித்தது. அதன் பிறகு கதை என் கையில் இல்லை. “லெப்ட்ல திரும்பு!” “பஸ் ஸ்டாண்டத் தாண்டு!” “லாரி வருது, ஒதுங்கு!” பிள்ளைகளே வழி சொல்லி நாயை வீட்டு வாசல்வரை ஓட்டி வந்தார்கள். சிறுவன் கதவைத் திறந்தான். நான் குரைத்தேன். மண்டபம் முழுவதும் திருப்பிக் குரைத்தது. அன்று பிரியாணி போதவில்லை.

“அடுத்த வருசமும் நீங்கதான் சார்,” என்றார் பங்குத்தந்தை. “பென் டிரைவெல்லாம் வேணாம். மைக் போதும்.”

நண்பரும் அந்தப் படத்தின் முடிவைப் பார்த்ததில்லையாம். யாரோ சொன்னதைக் கேட்டுச் சொல்லியிருக்கிறார். முழுப் பிரதி எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. அதில் நாய் பிழைத்ததா என்பது இதுவரை சரிபார்க்கப்படாத தகவல்.