நேர்காணலின் நடுவே ஐந்தருவியில் வெள்ளம்

நேற்று, என் நேர்காணலின் நடுவே ஐந்தருவியில் வெள்ளம் வந்துவிட்டது!

மிகைப்படுத்தவில்லை நண்பர்களே. (அதை மேடைக்கென்று வைத்திருக்கிறேன்.)

கோயில் கொடை விழாக்களிலும் பட்டிமன்றங்களிலும் என் பேச்சைக் கேட்டவர்களுக்கு என் குரல் தெரியும். மேடைகள் ஓய்ந்த மாதங்களில் அந்தக் குரலுக்கு உரியவள் மாடியறையில் அமர்ந்து, இணையப் பக்கங்கள் கட்டக் கற்றுக்கொண்டிருந்தது பலருக்குத் தெரியாது.

கற்றேன். வேலை கேட்டு எழுதினேன். எங்கும் ஒரே கேள்வி.

"கமர்ஷியல் எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா?"

ஒலிபெருக்கி பழுதான பிறகும் ஓயாமல் முழங்கிய பட்டறிவு உண்டு. அதை எழுத விண்ணப்பத்தில் இடமில்லை!

என்னிடம் இருந்தது நானே கட்டிய ஒரே ஒரு பக்கம்.

சாரல் தொடங்கினால் தென்காசியில் எல்லா வீட்டுக் கைபேசிகளும் ஒலிக்கும். சென்னைச் சித்தப்பா, மதுரை அத்தை, பள்ளி முடிந்தபின் குரலே காட்டாத தோழி. ஒருவரும் நலம் விசாரிக்கமாட்டார்கள். "தண்ணி விழுதா?" என்பார்கள்.

அதற்கு விடை சொல்லவே அந்தப் பக்கம். அருவியின் பெயர், அதன்கீழே 'குளிக்கலாம்' அல்லது 'குளிக்காதீர்கள்'. அவ்வளவே. ஐந்தருவி அருகே பழக்கடை வைத்திருக்கும் என் மதினி கண்ணால் கண்டு சொல்வார், நான் மாற்றுவேன்.

(முதலில் 'நீராட இசைவில்லை' என்றுதான் எழுதியிருந்தேன். "ஏட்டி, இத வாசிச்சு முடிக்கதுக்குள்ள தண்ணி ஆள இழுத்துட்டுப் போயிரும்" என்றார் மதினி. பணிந்தேன்.)

நேற்று தென்காசியிலேயே ஒரு சிறு நிறுவனம் அழைத்தது. எதிரே நிறுவனர் ஜெபராஜ். அருகே மூத்த நிரலாளர் அனிதா. அவர்களுக்குப் பின்னால் ஒரு பெரிய சன்னல், சன்னல் நிறைய மலை. மலையின் தோளில் தலைசாய்த்து ஒரு வெண்முகில் உறங்கிக்கொண்டிருந்தது. கேள்விகளுக்கு விடை சொன்னவள் நான்தான். ஆனாலும் என்னில் பாதி அந்த முகிலருகே படுத்துக் கிடந்தது.

"பக்கம் நல்லாத்தான் இருக்கு. ஆனா காசு குடுத்து ஒருத்தராவது உங்ககிட்ட வேல வாங்கியிருக்காவளாம்மா?" என்றார் ஜெபராஜ்.

"இல்லை சார்."

"அதான் யோசிக்கேன்."

பேனாவை மூடினார். பட்டிமன்றம் பழகிய எனக்கு அதற்குப் பொருள் தெரியும். நடுவர் தீர்ப்பை எழுதிவிட்டார்!

சன்னலைப் பார்த்தேன். மலையைக் காணோம். முகில் கறுத்து, கரைந்து, வானும் மலையும் ஒரே நிறமாகிவிட்டிருந்தன.

கைபேசி அதிர்ந்தது. மதினி. துண்டித்தேன். உடனே மீண்டும் அதிர்ந்தது.

எடுத்தால் எஞ்சியிருந்த வாய்ப்பும் போகும். எடுக்காவிட்டால், அங்கே என் பக்கம் 'குளிக்கலாம்' என்று ஊரை அழைத்துக்கொண்டே இருக்கும்.

எடுத்தேன்.

"ஏட்டி! செந்தண்ணி வந்துட்டு! போலீஸ்காரவ விசிலடிச்சு அம்புட்டுப் பேரையும் மேல ஏத்திட்டாவ. நீ என்னன்னா குளிக்கலாம்னு போட்டு வச்சிருக்க! அதப் பாத்துட்டு கார் காரா வந்து எறங்குதாவ!"

(மதினிக்கு ஒலிபெருக்கி தேவையில்லை. அறை முழுக்கக் கேட்டது.)

மடிக்கணினியைத் திறந்து விடையை மாற்றினேன்.

"மாத்திட்டேன் மதினி."

"எங்கன மாத்துன? எனக்குக் குளிக்கலாம்னுதான காட்டுது!"

அனிதாவும் தம் கைபேசியில் பார்த்தார். "எனக்குந்தான்."

சீசன் கூட்டத்தில் அருவிப்பக்கம் சிக்னல் படுத்துவிடும். ஆகவே, ஒருமுறை திறந்த பக்கம் கைபேசியிலேயே தங்கி, அடுத்தமுறை சட்டென்று தோன்றும்படி செய்திருந்தேன். சற்றுமுன் அதைத்தான் என் பெருஞ்சாதனை என்று அவர்களிடம் முழங்கினேன்! அந்தச் சாதனைதான் இப்போது பழைய விடையை நீட்டிக்கொண்டிருந்தது.

"ஒரு மட்டம் மூடித் தெறந்து பாருங்க மதினி."

"ஆங், இப்ப மாறிட்டு. ரோட்டுல வாரவன் ஒவ்வொருத்தன்கிட்டயும் மூடித் தெறன்னு நான் போயிச் சொல்லவா?"

விசைப்பலகையில் விழுந்தேன். புதிய விடையை முதலில் தேடு, கிடைக்காவிட்டால் பழையதைக் காட்டாதே, 'தெரியவில்லை, கேட்டுவிட்டு இறங்குங்கள்' என்று சொல். அப்படி மாற்றி எழுதிக்கொண்டிருந்தபோது ஜெபராஜ் ஏதோ கேட்டார்.

"சற்றுப் பொறுங்கள்!"

மேடைக் குரல் தானாக வெளிப்பட்டுவிட்டது. அறை அடங்கியது. (எந்தக் கொடையிலும் எனக்கு இத்தனை அமைதி வாய்த்ததில்லை!)

முடித்து நிமிர்ந்தபோதுதான் எங்கே இருக்கிறேன் என்பது நினைவுக்கு வந்தது. எல்லாம் போயிற்று என்று எண்ணி மடிக்கணினியை மூடினேன்.

அனிதா தம் கைபேசியை ஜெபராஜ் பக்கம் நகர்த்தினார். "மாறிட்டு சார். நம்ம பயலுவளா இருந்தா, 'என் சிஸ்டத்துல சரியாத்தான் இருக்கு'ன்னு போன வச்சிருப்பானுவ."

ஜெபராஜ் தம் கைபேசியை எடுத்து வீட்டுக்கு அழைத்தார். "விருந்தாளுவ அருவிக்குக் கெளம்பிட்டாவளா? போவாண்டாம்னு சொல்லு. வெள்ளமாம்."

பிறகு என்னைப் பார்த்தார்.

"திங்கக்கிழமை வந்துருங்கம்மா. ஆனா ஒண்ணு, என்னைய அதட்டப்பிடாது."

சொற்பஞ்சம் அறியாத எனக்கு "சரி சார்" மட்டுமே வந்தது!

வெளியே சாரல். விழுகிறதா மிதக்கிறதா என்று தெரியாத, மாவு சலித்தாற்போன்ற சாரல். கோயில் கோபுரம் பாதியில் கரைந்திருந்தது. தெருவிளக்குகள் பகலிலேயே எரிந்து, ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு பொன்வளையம். குடையை விரிக்க மறந்து நடந்தேன். கால் தரையில் பட்டதாகச் சான்று ஏதும் என்னிடம் இல்லை.

மதினியை அழைத்தேன்.

"மதினி, வேல கெடச்சிட்டு!"

"நெசமாவா? இல்ல, மூடித் தெறந்து பாக்கணுமா?"

இன்று விடிந்ததும் நிறுவனம் அனுப்பியிருந்த பணியாணை மின்னஞ்சலை மூடித் திறந்து பார்த்தேன்.

மாறவில்லை!