அக்காவின் இழையம்

உயர்தர வகுப்பில் இழையம் படிப்பிக்கத் தொடங்கும் நாளில், பிள்ளைகளை முதலில் வாயைக் கொப்பளித்துவிட்டு வரச் சொல்வேன். பிறகு ஆளுக்கொரு பல்லுக்குத்தும் குச்சி. கன்னத்தின் உட்பக்கத்தை மெல்லச் சுரண்டி, கண்ணாடி வழுக்கியில் பூசி, ஒரு துளி நீலச் சாயம் விட்டு, நுணுக்குக்காட்டிக்கு அடியில் வைத்தால் அவரவர் கலம் அவரவருக்குத் தெரியும். எங்கள் பாடசாலையில் ஒழுங்காக வேலை செய்யும் நுணுக்குக்காட்டி ஒன்றுதான். அதற்கு முன்னால் தள்ளுப்படுகிறவர்கள் என்னிடம் வாங்கிக் கட்டாமல் போக முடியாது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். முரசுமோட்டை முழுக்க அது தெரியும்.

பார்த்த பிள்ளைகள் எல்லாம் கேட்பது ஒன்றைத்தான். "இவ்வளவுதானோ ரீச்சர்?"

இவ்வளவுதான். ஓரம் மடிந்த ஒரு தட்டை, நடுவில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளிதான் கரு. தனிக் கலத்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஒரே வகைக் கலங்கள் சேர்ந்து நின்று ஒரே வேலையைச் செய்தால் அது இழையம். மூடி நிற்பது மேலணி இழையம், தாங்கிப் பிடிப்பது தொடுப்பிழையம், சுருங்கி இழுப்பது தசை, செய்தி கொண்டுபோவது நரம்பு. மனித உடம்பு முழுக்க இந்த நாலு வகைதான். எங்கே நிற்க வேண்டும், எப்போது பிரிவதை நிறுத்த வேண்டும் என்று ஒவ்வொரு கலத்துக்கும் தெரியும். வயல் வரம்பு மாதிரி என்றால் எங்கள் பிள்ளைகளுக்கு உடனே விளங்கும். பக்கத்து வரம்பை இரண்டு விரல் வெட்டி எடுக்கிறவர்களை அவர்கள் வீட்டிலேயே பார்த்திருக்கிறார்கள்.

என் அக்கா வாழ்க்கைப்பட்டது நெடுங்கேணிக்கு. கடைசிச் சண்டையில், மகளைக் கீழே போட்டு அவளுக்கு மேலே படுத்தபோது அக்காவின் இடது கமக்கட்டுக்குக் கீழே எறிகணைத் துண்டு ஏறியது. மகளுக்கு ஒரு கீறலும் இல்லை. சண்டை முடிந்து அகதிகளாக இருந்த முகாமில் பார்த்த வைத்தியர், "நெஞ்சுக்குக் கிட்டக் கிடக்குது. தோண்டினால் ஆபத்து. தொடாதேங்கோ, அது தன்ர பாட்டில கிடக்கட்டும்" என்று சொல்லி அனுப்பினார். அந்த நேரத்துக்கு அது சரியான சொல். அக்கா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்.

எங்கள் பக்கத்தில் அப்படி அனுப்பப்பட்டவர்கள் ஒழுங்கைக்கு நாலு பேர் இருப்பார்கள். உடம்பில் கிடக்கும் துண்டைப் பீஸ் என்போம். மழை இருட்டினால் பீஸ் குத்தும். கிணற்றடியில் பெண்கள், யாருக்கு எங்கே பீஸ் கிடக்கிறது என்று நகைக் கதை கதைப்பது போலக் கதைப்பார்கள். சிலருக்கு அது வருடக்கணக்கில் ஊர்ந்து, தோலுக்குக் கீழே வந்து முட்டி, ஒரு நாள் சீழோடு வெளியே விழும். அக்காவின் முன்வீட்டு மனுசிக்குக் குளிக்கும்போது தொடையிலிருந்து விழுந்தது. அவர் அதைக் கழுவிச் சாமிப்படத்துக்கு முன்னால் வைத்திருந்தார். அதனால் எங்கள் ஆட்களுக்கு உடம்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டால் பயம் வராது. சந்தோசம் வரும்.

அக்காவுக்கும் சந்தோசம்தான் வந்தது. இடது மார்பின் ஓரத்தில், கமக்கட்டுப் பக்கமாக ஒரு கட்டி. பீஸ் வெளிக்கிடப் போகிறது என்று அத்தானிடம் சொன்னாராம். உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தார். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பற்றுப் போட்டார். ஒரு வருடம் முழுக்க இதுதான் வைத்தியம். எனக்கு ஒரு சொல் சொல்லவில்லை. சொன்னால் நான் கத்துவேன் என்று அவருக்குத் தெரியும்.

சித்திரை விடுமுறைக்குப் போனபோதுதான் கண்டேன். குளித்துவிட்டுக் குறுக்குக்கட்டோடு வந்த அக்கா கையைத் தூக்கித் தலையைத் துவட்டினார். அந்த இடத்துத் தோல், தோடம்பழத் தோல் மாதிரிக் குழி குழியாக இருந்தது.

"என்னக்கா இது?"

"பீஸ் வருது. இனிக் கிட்டடியில விழுந்திடும்."

தொட்டேன். அடியோடு ஒட்டிக்கொண்டு, தள்ளினாலும் அசையாமல் நின்றது. கோபம் வந்தது. எனக்குப் பயம் எப்போதும் கோபமாகத்தான் வெளியே வரும்.

"உடுப்பை மாத்துங்கோ. ஆஸ்பத்திரிக்கு இப்பவே வெளிக்கிடுறம்."

அத்தான் கதிரையில் இருந்து வெற்றிலை போட்டபடி சிரித்தார். "படிச்சவன் பாட்டைக் கெடுத்தான் எண்டு சும்மாவே சொன்னவங்கள்? பீஸுக்கும் உம்மட புத்தகத்தில பாடம் கிடக்கோ?"

"அத்தான், உங்கட வயலில எது நெல்லு எது களையெண்டு நான் சொல்ல வாறனானோ? இதில நீங்கள் பேசாமல் இருங்கோ."

அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு எழும்பினார். பஸ் நிற்குமிடம் வரை எங்களைக் கூட்டிக்கொண்டு வந்து, அக்காவின் பையை ஏற்றிவிட்டுத் திரும்பிப் போனார். பஸ் முழுக்க அக்கா என்னைப் பகிடி பண்ணிக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரியில் பீஸை எடுத்தால் அதை எனக்குத் தருவதாகவும், நான் அதைக் காட்டிப் பிள்ளைகளை வெருட்டலாம் என்றும் சொன்னார்.

எக்ஸ்ரே படத்தில் பீஸ் இருந்தது. வெள்ளையாக, கூராக, விலா எலும்புக்குப் பின்னால். முகாமில் எடுத்த பழைய படத்தையும் அக்கா பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார். வைத்தியர் இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்தார். அது ஒரு நெல்மணியளவும் நகரவில்லை. பேனையால் அதைத் தொட்டுக் காட்டி, பேனையை மேலே நகர்த்தி, "கட்டி இங்க இருக்கு. இது வேற" என்றார்.

அக்கா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப இவ்வளவு நாளும் நான் எதுக்கு ஒத்தடம் குடுத்தனான்?" என்று கேட்டார். வைத்தியர் பேனையை மூடினார்.

ஊசியால் கொஞ்சம் இழையம் எடுத்தார்கள். முடிவு வந்த அன்று, ஆய்வுகூடத்து வைத்தியரிடம் நான் உயிரியல் படிப்பிக்கிறவள் என்று சொல்லி, பார்க்கலாமா என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று எனக்கே விளங்கவில்லை. அவர் என்னைவிட வயது குறைந்த பெண். கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கதிரையை விட்டு எழும்பினார்.

முதலில் நல்ல இடத்தைக் காட்டினார். பால் வரும் சிறு குழாயின் குறுக்குவெட்டு. சுவரில் மேலணிக் கலங்கள் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. கருக்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு. அவற்றுக்கு அடியில் ஒரு மெல்லிய எல்லை, எல்லைக்கு வெளியே தொடுப்பிழையத்தின் இளஞ்சிவப்பு நார்கள், இடையிடையே கொழுப்புக் கலங்களின் வெறும் வட்டங்கள். நான் கரும்பலகையில் வருடா வருடம் வரைகிற படம்தான். அழகாக இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

பிறகு வழுக்கியைச் சற்று நகர்த்தினார். அங்கே குழாயும் இல்லை, சுவரும் இல்லை. கருக்கள் கறுத்து வீங்கி, ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாகக் கிடந்தன. சில, இரண்டாகப் பிரிகிற நேரத்திலேயே பிடிபட்டிருந்தன. எல்லையைக் கிழித்துக்கொண்டு நாருக்குள்ளும் கொழுப்புக்குள்ளும் கூட்டம் கூட்டமாகப் புகுந்திருந்தன. மூடி நிற்க வேண்டிய கலங்களுக்கு அங்கே என்ன வேலை? எனக்கு அவற்றை ஏசித் தீர்க்க வேண்டும் போல இருந்தது.

"உங்கட அக்காவோ?" என்று வைத்தியர் கேட்டார்.

"ஓம்."

பார்வைவில்லை நனைந்துவிட்டது. துடைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அக்கா வாட்டில் கட்டிலில் காலைத் தொங்கப் போட்டபடி இருந்தார். "என்ன கண்டனி?" என்றார். நான் மறைக்கவில்லை. புற்றுநோய் என்று சொன்னேன். அவர் அழவில்லை.

"இதை ஆர் போட்டது?"

"ஒருத்தரும் போடேல்லை அக்கா. உங்கட சொந்தக் கலங்கள்தான். நிக்க வேண்டிய இடத்தில நிக்காமல் பெருகிட்டுது."

"பீஸுக்கெண்டால் ஆரைத் திட்டுறதெண்டு தெரியும். விடிய எழும்பித் திட்டிப்போட்டுத்தான் அடுப்பு மூட்டுறனான். இதுக்கு நான் ஆரைத் திட்ட?"

ஈரலுக்கும் முள்ளந்தண்டுக்கும் போய்விட்டிருந்தது. வெட்டுவதில் பிரயோசனமில்லை என்றார்கள். ஒரு வருடத்துக்கு முன் கொண்டுவந்திருந்தால் என்று தொடங்கிய வைத்தியர் அந்த வசனத்தை முடிக்கவில்லை. மருந்து ஏற்றினார்கள். தலைமயிர் கொட்டியது. மாரி மழையோடு விதைத்த காலபோக நெல் கதிர் தள்ளும் வரை உயிரோடு இருந்தார்.

கடைசிக் கிழமையில் என் கையைப் பிடித்து ஒன்று கேட்டார். மகளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. "ஊருக்குப் பீஸாலதான் எண்டு சொல்லு. தாய்க்கு இந்த வருத்தமெண்டு தெரிஞ்சால், மகளுக்கும் வருமெண்டு நினைச்சுப் பிள்ளையை ஆர் கட்டுவினம்?" கட்டிலோரத்தில் நின்ற மகளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். நான் ஓம் என்றேன். அந்த முகத்துக்கு இல்லை என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

செத்தவீட்டில் எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். "பீஸ் கடைசியில ஆளைக் கொண்டு போட்டுது." முன்வீட்டு மனுசி பக்கத்தில் இருந்தவரிடம், தன் தங்கைக்கும் மார்பில் ஒன்று வருகிறது, தாங்கள் பற்றுப் போடுகிறோம், கெதியாக வெளியே விழுந்துவிட்டால் தப்பிவிடுவாள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். என் காதில் அது விழுந்தது. நான் எழும்பினேன்.

"பீஸும் இல்லை, ஒண்டும் இல்லை. அக்காவுக்கு மார்புப் புற்றுநோய். உங்கட தங்கச்சியை நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ. ஒத்தடமும் மண்ணாங்கட்டியும்."

அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். மகள் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்கு மனமில்லை.

முன்வீட்டு மனுசியின் தங்கை ஆஸ்பத்திரிக்குப் போனார். நேரத்தோடு வெட்டி எடுத்தார்கள், இருக்கிறார். செத்தவீடு நடந்த கிழமையே மாப்பிள்ளை வீட்டார் ஏதோ சாட்டுச் சொல்லிப் பேச்சை நிறுத்தினார்கள். அம்மா கேட்டது ஒன்றே ஒன்று, அதையும் சின்னம்மா உடைத்துப்போட்டா என்று மகள் யாரிடமோ சொன்னாளாம். தொலைபேசி எடுத்தால் அத்தான்தான் கதைப்பார். நான் சொன்னது பிழை என்று இன்றைக்கும் நினைக்கவில்லை. அவள் கோபமும் பிழை என்று நினைக்கவில்லை.

வருடம் திரும்பி, அக்காவின் ஆட்டைத் திவசத்துக்குப் போனேன். மகள் சமைத்தாள், படைத்தாள், எனக்கும் இலை போட்டாள், ஒரு வார்த்தை பேசவில்லை. வந்தவர்கள் சாப்பிட்டுப் போன பிறகு நான் அறைக்குள் பையை அடுக்கிக்கொண்டிருந்தேன். அவள் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் இருந்து, இடது கையைத் தூக்கினாள்.

"தொட்டுப் பாருங்கோ."

என் விரல்கள் குளிர்ந்திருந்தன. உரசிச் சூடாக்கிக்கொண்டு, மார்பைச் சுற்றியும் கமக்கட்டுக்குள்ளும் அழுத்தி அழுத்திப் பார்த்தேன். ஒன்றும் தட்டுப்படவில்லை. அதைச் சொன்னேன். விரலுக்குத் தெரிவது கொஞ்சம்தான், ஆஸ்பத்திரியிலும் ஒருக்காக் காட்டுவம் என்றும் சொன்னேன்.

அவள் கையை இறக்கவில்லை.

"இன்னொருக்கா வடிவாப் பாருங்கோ சின்னம்மா," என்றாள்.