சாமான் அறைக்கு வெயில் கொண்டுவந்தவர்

போன வாரம் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து போன். பொன்னம்மா மிஸ்ஸி போய்விட்டாராம். "தூக்கத்துலேயே போயிட்டாங்க அக்கா" என்று அழுதான் அவர் மகன். எனக்கு அழுகைக்கு முன்னால் எரிச்சல்தான் வந்தது. வயதானவருக்கு வெயில் ஆகாது என்று, கடைசி மாதங்களில் அவரைத் திரை போட்ட அறையில் தூங்க மட்டும்தானே விட்டார்கள்!

மிஸ்ஸியை அறிந்தவர்களுக்கு என் கோபம் புரியும். ஜப்பான்காரன் காலத்தில் பினாங்கில் வயசுப் பெண்ணை வெளியே விட எந்த வீட்டுக்குத் தைரியம் இருந்தது? என் முடியை ஒட்ட வெட்டி, அப்பாவின் கடைக்குப் பின்னாலிருந்த சாமான் அறையில் ஒளித்தார்கள். முற்றத்தைப் பார்த்த ஒரே ஜன்னலுக்கும் கறுப்புத்தாள். மாதக்கணக்கில் இருட்டு. முதலில் அழுதேன். பிறகு அழுகையும் நின்றது, மரவள்ளிக்கிழங்கும் இறங்கவில்லை. பேய் பிடித்ததென்று அம்மா திருநீறு பூசினார்.

யாழ்ப்பாணத்துக்காரரான ஆஸ்பத்திரி நர்ஸ், பொன்னம்மா மிஸ்ஸி வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் கறுப்புத்தாளைக் கிழித்தார்.

"ஒளிச்சு வைக்கச் சொன்னால் புதைச்செல்லோ வைச்சிருக்கிறியள்! காலமை வெளிச்சம் பிள்ளையின்ரை முகத்திலை படவேணும்."

"கடைக்கு வர்ற சிப்பாய் பார்த்துடுவானே மிஸ்ஸி. வெளிச்சமே தெரியக்கூடாதுன்னு பிளாக்-அவுட் வேற" என்றார் அப்பா.

"சூரியனுக்கு என்ன பிளாக்-அவுட்?"

முற்றத்தில் முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்து வெயிலை அறைக்குள் திருப்பினார். மறுநாளே பக்கத்து வீட்டுக்காரர், வெள்ளைக்காரன் விமானத்துக்குச் சைகை காட்டுகிறோம் என்று கிளப்பிவிட்டார். நாசமாய்ப் போன வாய்! அப்பா கண்ணாடியை எடுத்து ஒளித்தார். மிஸ்ஸி அசரவில்லை. அப்பாவின் வேட்டியை நனைத்து, ஜன்னலுக்கு வெளியே குறுக்கே காயப்போட்டார். பார்ப்பவனுக்கு வெறும் துணி. எனக்கோ அறை முழுக்க வெள்ளை வெளிச்சம்.

"தினம் துவைக்க சவுக்காரத்துக்கு எங்க போறது?" என்று அப்பா முனகினார்.

"தண்ணியிலை அலசுங்கோ. வெள்ளையாய் இருந்தால் காணும்."

தினமும் காலையில் வந்து, திட்டித் திட்டி என்னை அந்த வெளிச்சத்துக்கு முன்னால் உட்காரவைத்தார். ஒரு நாள் எனக்குப் பசித்தது. வெயில் குணமாக்கியதா, திட்டா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

இறுதிச் சடங்கில் ஆளாளுக்கு "கருணையின் வடிவம்" என்றார்கள். கருணையாவது! அவர் சண்டைக்காரி. அதனால்தான் நான் உயிரோடு இருக்கிறேன்.

நேற்று மிஸ்ஸியின் மருமகள் போனில் பேசினாள். "அவரு அவங்க அம்மா ரூம்லேயே திரையை மூடிக்கிட்டு உட்கார்ந்திருக்காரு அக்கா. சாப்பிடவே மாட்டேங்கிறாரு. சொன்னா கேட்டாத்தானே லா!"

நாளைக் காலை பினாங்கிலிருந்து முதல் ஃபெர்ரிப் படகில் போகிறேன். வேட்டி தேவையில்லை. அங்கே எந்தச் சிப்பாயும் இல்லை, திரையை இழுத்தால் போதும். மிஸ்ஸி எனக்கு விட்டுப்போன திட்டை மட்டும் எடுத்துப் போகிறேன்.