மாலை போட்ட வீட்டில் மனசு சொல்லும் பாடம்

எங்கள் மகள் நாலாம் வகுப்பில் இருந்த வருஷம்தான் பள்ளிக்கூடத்தில் அந்தப் புதுப் பாடம் வந்தது. புத்தகம் கிடையாது, பரீட்சை கிடையாது. பிள்ளைகள் வட்டமாக உட்கார வேண்டும். ஒரு பூ கைக்குக் கை மாறிப் போகும். பூ யார் கையில் இருக்கிறதோ அவர் தன் மனசில் உள்ள சந்தோஷத்தையோ சங்கடத்தையோ சொல்ல வேண்டும். மற்றவர்கள் சிரிக்கக் கூடாது, இடையில் பேசக் கூடாது, முக்கியமாகப் புத்தி சொல்லக் கூடாது. குளத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்துபோன ஒரு இளவயசு டீச்சர் இதை நடத்தினார். ஏழாம் வகுப்போடு நின்றுவிட்ட எனக்கு, இதெல்லாம் ஒரு பாடமா என்றுதான் தோன்றியது. நான் படித்த காலத்தில் மனசில் உள்ளதைச் சொன்னால் பிரம்புதான் பதில் சொல்லும்.

ஒரு வெள்ளிக்கிழமை டீச்சர் அதையே வீட்டுப்பாடமாகக் கொடுத்துவிட்டார். வீட்டில் உள்ள எல்லாரும் சேர்ந்து செய்ய வேண்டுமாம். எங்கள் வீட்டில் நான், மனைவி, மகள் மூன்று பேரும் சேர்ந்து உட்காருவது அந்தியில் விளக்கேற்றி நாமம் சொல்லும்போது மட்டும்தான். மகள் ஒரு செம்பருத்திப் பூவைப் பறித்துக்கொண்டு அங்கேயே வந்துவிட்டாள். நானும் நல்லதுதானே என்று சம்மதித்தேன். எரிகிற விளக்கின் முன்னால் பொய் சொல்லக் கூடாது என்பது எங்கள் வீட்டுக் கட்டுப்பாடு. அதையும் இந்தப் பாடத்தையும் ஒன்றாகச் சேர்த்தால் என்ன ஆகும் என்று நான் யோசிக்கவில்லை.

அது விருச்சிக மாதம், அதாவது கார்த்திகை. சபரிமலைக்கு மாலை போட்டிருந்தேன். மாலை போட்டவனை வீட்டிலும் ரோட்டிலும் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் யாரிடமும் கோபப்படக் கூடாது. வாழைக்குலை வியாபாரம் செய்துகொண்டு கோபப்படாமல் இருப்பது மலை ஏறுவதைவிடக் கஷ்டம். மகள் பிறந்தபோது மூச்சு இல்லாமல் நீலம் பாரித்துக் கிடந்தாள். பிழைத்தால் மலைக்குக் கூட்டி வருகிறேன் என்று ஐயப்பனிடம் நேர்ந்துகொண்டேன். பெண்பிள்ளைகள் பத்து வயசு ஆவதற்கு முன்னால் போய் வர வேண்டும். இந்த மண்டல காலத்தை விட்டால் பிறகு அவள் நரைத்துத்தான் போக முடியும். அடுத்த சனிக்கிழமை அவளுக்கு மாலை போடுவதாகக் கோயிலில் சொல்லி வைத்திருந்தேன்.

பூ முதலில் என் மனைவியிடம் போனது.

"எனக்க சங்கடம் என்னண்ணா, சாமி குளிச்சிட்டு ஈரத் துண்டக் கொண்டு கட்டில்ல போடுது. வருசம் முழுக்க உண்டு. மாலை போட்டா வெளுக்கதுக்கு மின்னயே போடுது, அதாக்கும் வித்தியாசம்."

பதில் சொல்ல வாயெடுத்தேன். மகள் உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். அடுத்து பூவை அவள் வாங்கினாள். காம்பைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

"எனக்கு மலைக்குப் போவண்டாம்."

விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் சாமி, கோபப்படக் கூடாது. வட்டத்தில் இருந்ததால் பேசவும் கூடாது. பூ என் கைக்கு வந்தது. சந்தோஷம் என்று சொன்னால் பொய். "எனக்கு ஒண்ணும் சொல்ல இல்ல" என்று பூவை விளக்கின் பக்கத்தில் வைத்தேன். அதுவும் பொய்தான்.

பிறகு காரணம் கேட்டுப் பார்த்தேன். சொல்லவில்லை. "கேக்க கேக்க அவ வாய இறுக்குவா, சாமி செத்த சும்மா இருங்க" என்றாள் மனைவி. தூக்கித் தோளில் வைத்துக்கொண்டே போய்விடலாம். ஆனால் வரமாட்டேன் என்கிற பிள்ளையைக் கொண்டுபோய் நிறுத்தினால் அது நேர்ச்சை தீர்த்த கணக்கில் சேருமா? அந்தச் சந்தேகத்தை யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

"டீச்சரே, நிங்க பிள்ளைக்க மனசத் தொறந்து விட்டுட்டு பஸ் ஏறிப் போயாச்சு. இப்ப எனக்க நேர்ச்சையாக்கும் கிடந்து ஆடுது."

"மலைக்குப் போவண்டாம்ணு நான் படிப்பிக்கல்ல, சாமி. இப்ப அந்தப் பீரியடுதான். வந்து இருங்க."

கறுப்பு வேட்டியோடு பிள்ளைகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்தேன். எதிரே மகள் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தாள். இங்கே நந்தியார்வட்டைப் பூ. அது என்னிடம் வந்தது.

"எனக்க மகளுக்கு உயிரு தந்த சாமிகிட்ட ஒரு வாக்கு சொல்லியிருக்கேன். அவ வரல்லங்கா. ஏன்னு சொல்லவும் இல்ல. எனக்குச் சங்கடம் உண்டு. பேடியும் உண்டு."

பயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று நினைத்து நான் வரவில்லை. மனைவியிடம்கூட அதைச் சொன்னதில்லை.

பூவை அடுத்து வாங்கியவள் மகளின் சிநேகிதி, பக்கத்து ஊரான காரோட்டுப் பிள்ளை. "எனக்கு ஒரு ரகசியம் வயித்துக்குள்ள கிடந்து குத்துது" என்று சொல்லி மகளைப் பார்த்தாள். "சொல்லட்டா பிள்ளே?"

"வேண்டாம். நானே சொல்லுதேன்." மகள் எழுந்து வந்து பூவை வாங்கினாள். "நான் சொப்பனத்துல மீன் தின்னேன். சாளை பொரிச்சது. விரதம் முறிச்சவள மலையில புலி பிடிக்கும்ணு எல்லாரும் சொல்லுதாவ. மாலை போட்டதுக்குப் பொறவும் சொப்பனம் வந்தா நான் என்ன செய்யது?"

நான் மாலை போட்ட நாள் முதல் எங்கள் வீட்டில் மீன் சட்டி கவிழ்ந்து கிடந்தது. தினமும் மீன்காரி வாசலைத் தாண்டிக் கூவிக்கொண்டு போவாள்.

பதில் நாக்கு நுனியில் வந்து நின்றது. பூ சுற்றி முடிகிற வரை பேச முடியாது. ஒரு பையனின் தம்பி அவனுடைய பென்சிலைக் கடித்துவிட்டானாம். இன்னொரு பையனுக்குச் சந்தோஷமாம், கணக்கு சார் அன்றைக்கு வரவில்லை. ஒரு பெண் ஆட்டுக்குட்டியின் சங்கடத்தைச் சொல்ல ஆரம்பித்து, ஆட்டுக்குட்டி பிறந்ததிலிருந்து சொன்னாள். சபரிமலையில் வரிசையில் நின்றதுகூட இவ்வளவு நீளமாகத் தெரிந்ததில்லை.

"இனி சாமி பேசலாம்" என்றார் டீச்சர்.

"மக்ளே, மண்டலம் முழுக்க நான் சொப்பனத்துல மீன்தான் தின்னுதேன். போன வாரம் நெய்மீனு. சாளையெல்லாம் இல்ல."

சிரிக்கக் கூடாது என்ற சட்டம் அங்கேயே உடைந்தது. டீச்சரும் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சாமி மாமா, புலியக் கண்டதுண்டா?" என்று பென்சில்காரப் பையன் கேட்டான்.

"இத்தனை வருசமா போறேன். கழுதையும் போலீசும்தான் கண்டிருக்கேன்."

மகள் மட்டும் சிரிக்கவில்லை. யோசித்தாள். "அப்பம் வாறேன். ஆனா மாலை போடதுக்கு மின்ன ஒரு நாளு மீன் தின்னணும்."

மாலை போட்டவன் வீட்டில் எப்படி மீன் வைப்பது? சிநேகிதி வழி சொன்னாள். "எங்க வீட்டுல தின்னட்டு மாமா. எங்க அம்மை நல்லா வைப்பா."

உதவிக்கு டீச்சரைப் பார்த்தேன்.

"நான் புத்தி சொல்லக் கூடாது, சாமி" என்றார் அவர்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் காரோட்டில் போய்த் தின்றுவிட்டு வந்தாள். சனிக்கிழமை காலையில் என் மனைவி அவளை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிக் கோயிலுக்குக் கூட்டி வந்தாள். பூசாரி மாலையைப் பூஜித்து என் கையில் கொடுத்தார். பிள்ளைகளிடம் கேட்டுவிட்டு மாலை போடும் வழக்கம் எங்கள் பக்கத்தில் கிடையாது. என்னவோ, எனக்கு அப்படியே போட மனசு வரவில்லை.

"போடட்டா மக்ளே?"

"கொஞ்சம் இருங்க."

கையில் மாலையோடு நின்றேன். பூசாரி என்னைப் பார்த்தார், மனைவி தரையைப் பார்த்தாள். மகள் ஈரத் தலைமுடியை இரண்டு கையாலும் கூட்டிப் பிடித்து உச்சிக்குத் தூக்கினாள். கழுத்தைக் குனிந்து காட்டினாள்.

"இனி போடுங்க."