பாதியில் முழிப்பு வந்தால்?

மற்ற நர்சுகள் நோயாளியைத் தட்டி எழுப்பி மாத்திரை கொடுப்பார்கள். எனக்கு வாய்த்தது ஆளைத் தூங்க வைக்கிற வேலை. ஐம்பதுகளின் கடைசியில் திண்டுக்கல்லில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. துணி போர்த்திய கம்பி மூடியை மூக்கின்மேல் கவிழ்த்து ஈதர் என்ற மயக்க மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடுவேன். அந்த வாடையில் எனக்கும் தலை சுற்றும். ஆபரேசன் மேஜையில் ஒருமுறையாவது படுத்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

சந்தைக்காரர்

அய்யலூர்ச் சந்தை ஆட்டு வியாபாரி ஒருவர் குடலிறக்கத்துக்கு வந்தார். மேஜையில் படுத்தபின், பாதியில் முழிப்பு வந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டார். அப்படி வந்தால் உடம்பு லேசாக அசையும், உடனே இன்னும் கொஞ்சம் மருந்து விடுவேன் என்று தைரியம் சொன்னேன். அவர் கூரையைப் பார்த்து யோசித்தார்.

"அப்ப எனக்கு முழிப்பு வந்தது, எனக்கு முந்தி உங்களுக்குத்தான் தெரியுமா நர்ஸம்மா?"

வாத்தியார்

ஊருக்குள் இருந்த கத்தோலிக்க வாத்தியாருக்கும் அதே பயம். தூக்கம் வரும்வரை ஜெபம் சொல்லுங்கள் என்றேன். பாதியில் குரல் நின்றது. குடல்வாலை எடுத்துத் தையல் போட்டு, வார்டுக்குக் கொண்டுபோய்க் கிடத்தினோம். வெகுநேரம் கழித்துக் கண் திறந்தவர், விட்ட இடத்திலிருந்து மீதி ஜெபத்தைச் சொல்லி முடித்தார். பிறகு, தான் இன்னும் தூங்கவில்லை, கத்தி வைத்துவிடாதீர்கள் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். எல்லாம் முடிந்துவிட்டது என்று எவ்வளவோ சொன்னேன். கடைசியில் வயிற்றைத் தடவிப் பார்த்தார்.

"ஜெபத்துல ஒரு வார்த்தைகூட விடலையே சிஸ்டர், இந்தக் கட்டு எப்ப வந்துச்சு?"

பூக்காரம்மா

நிலக்கோட்டையில் மல்லிகைத் தோட்டம் போட்டிருந்த ராக்கம்மாளுக்கு வயிற்றில் கட்டி. எடுத்து முடித்துத் தையல் போடும்போது, டாக்டர் தன் மகளுக்குப் பேசிய சம்பந்தம் கலைந்துபோனதை என்னிடம் மெதுவாகச் சொன்னார். வீட்டுக்கு வெளியே அவர் அதைச் சொன்னது அதுதான் முதல்முறை.

மறுநாள் வார்டுக்கு வந்த டாக்டரிடம், கவலைப்படாதீர்கள், பாப்பாவுக்கு வேறு நல்ல இடம் அமையும் என்று ராக்கம்மாள் ஆறுதல் சொன்னார். டாக்டர் முகம் வெளுத்துவிட்டது. மேஜையில் அந்த அம்மா அசையவே இல்லை. நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். வலித்ததா என்று டாக்டர் கேட்டார்.

"வலி இல்ல சாமி. முழிச்சிருக்கேன்னு சொல்லத்தான் பாத்தேன், வாய் எங்க இருக்குன்னு தெரியலை."

அதற்குப் பிறகு

டாக்டர் ஆபரேசன் தியேட்டருக்குள் வாய் திறப்பதையே விட்டுவிட்டார். எனக்கு அந்த மௌனம் இன்னும் பயமாக இருந்தது. உள்ளே யாரோ முழித்துக் கிடந்து, இருட்டில் தனியாகத் தவித்தால்? அதனால் மயங்கியவரின் காதருகே குனிந்து, நல்லபடியாக நடக்கிறது, இதோ முடியப்போகிறது என்று சொல்லிக்கொண்டே மருந்து விட்டேன். ஒருநாள் டாக்டர் கத்தியை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். திட்டப்போகிறார் என்று சட்டென்று வாயை மூடிக்கொண்டேன்.

"பேசுங்க சிஸ்டர், அவருக்குக் கேக்குதோ என்னமோ, எனக்குக் கேக்குது."

இத்தனை பேரைத் தூங்க வைத்தும், அந்த அறையில் யார் தூங்கினார்கள், யார் முழித்திருந்தார்கள் என்பது மட்டும் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.