காட்டுக்குப் போட்ட கவாத்து

முதுமலைத் தேசியப் பூங்காவை ஒட்டிய தேயிலைத் தோட்டத்தில், செடிகளின் கிளைகளை நறுக்கிக் கவாத்து வெட்டுவதில் இந்திராணியை மிஞ்ச ஆளில்லை. புல்லை முளைக்கவிடாமல் காட்டில் மண்டிக்கிடந்த உண்ணிச்செடியை அகற்ற வனத்துறை ஆள் கேட்டபோது, அவள்தான் முதலில் கிளம்பினாள். காட்டில் மேய்ச்சல் இல்லாததால் யானைகள் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசல்வரை வந்துகொண்டிருந்தன. அவளுடைய மகள் அந்த வழியாகத்தான் பள்ளிக்கு நடந்தாள்.

கோடையில் வெட்டிய செடிகள், மழை பெய்ததும் முன்னைவிட அடர்த்தியாகத் தழைத்துவிட்டன.

"ஏனுங்கக்கா, காட்டுக்கும் கவாத்துப் போட்டுட்டீங்களா? அடுத்த மாசம் கொழுந்து பறிக்க வந்தரலாமுங்க" என்றாள், உடன் வேலை செய்யும் ஷைனா.

இந்திராணிக்கே சிரிப்பு வந்துவிட்டது. "கைப்பழக்கம் புள்ள. தேயிலையைத் துளிர்க்க வைக்கிற வெட்டு, இதையும் துளிர்க்க வெச்சிருச்சு. கத்தியை வெச்சுட்டுக் கடப்பாரையை எடு."

அன்றுமுதல் ஒவ்வொரு செடியையும் வேரோடு பெயர்த்து, வேர் மறுபடி மண்ணைப் பிடிக்காதபடி தலைகீழாகக் கவிழ்த்தார்கள். அடுத்த மழைக்கு அந்தச் சரிவில் புல் எழுந்தது. ஒருநாள் காலை அவர்கள் வேலைக்குப் போனபோது, அங்கே யானைக்கூட்டம் ஒன்று நிதானமாக மேய்ந்துகொண்டிருந்தது.

"இன்னிக்கு நமக்கு லீவுங்கக்கா" என்று ஷைனா கிசுகிசுத்தாள்.

"லீவெல்லாம் இல்லை. அடுத்த சரிவு கிடக்குது, வா" என்று இந்திராணி சத்தமின்றி வேறு தடத்தில் திரும்பினாள்.