வாசலில் உறைந்த மஞ்சள் தண்ணீர்

டென்மார்க்கில், ஹேர்னிங் நகருக்கு வெளியே, வயல்களின் நடுவில் இருந்தது அந்தப் பின்னலாடைத் தொழிற்சாலை. முதல் பஸ் அங்கே வந்து சேரும்போது காலை வேலை தொடங்கி நெடுநேரம் ஆகியிருக்கும். ஆகவே வேலை கிடைத்த கிழமையே பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினேன். எண்பத்தைந்தாம் ஆண்டின் இலையுதிர் காலம். எனக்கு நாற்பது கடந்திருந்தது. ஊரில் கந்தோர் மேசையில் இருந்து எழுதியவன், இங்கே நூல் அறுந்த யந்திரத்தை நிறுத்தி, அறுந்த முனைகளை விரலால் முடிந்து, மறுபடி ஓடவிடுபவன் ஆனேன். மாசி மாதம் வரை பரீட்சைக் காலம். அதன்பின் வேலை நிரந்தரம். போர்மன் ஒன்றைத்தான் கேட்டார். நேரத்துக்கு வந்து நிற்க வேண்டும், குளிர் என்றும் பனி என்றும் சாட்டுச் சொல்லக்கூடாது.

நேரத்தைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. பனிதான் புதிது.

யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிள் ஓடியவனுக்கு ஒரு பழக்கம் இருக்கும். வெயிலுக்கு ஒதுங்கி, மரநிழல் விழும் பக்கமாகவே ஓடுவான். கை தானாக அங்கே திரும்பும். ஹேர்னிங் இருக்கும் யூலாந்துப் பகுதியில் காற்றை மறிக்க வயல் ஓரங்களில் ஊசியிலை மரங்களை வரிசையாக நட்டு வைத்திருக்கிறார்கள். மத்தியானம் வேலை முடிந்து திரும்பும்போது வெயில்பட்ட இடமெல்லாம் கரைந்து காய்ந்திருக்கும். அந்த மரங்களின் நிழலில் மட்டும் காலைப் பனி அப்படியே கிடக்கும். கார்த்திகையில் ஒரு நாள் என் கை நிழலுக்குத் திரும்பியது. பின்சில்லு என்னைக் கேட்காமல் ஒரு பக்கம் போய்விட்டுத் திரும்பி வந்தது. விழவில்லை. ஆனால் அன்றிலிருந்து றோட்டைப் படிக்கத் தொடங்கினேன்.

ஈரமான றோட்டில் சில்லு சீறும், பின்னால் தண்ணீர் தெறிக்கும். ஈரம் உறைந்திருந்தால் அந்தச் சீற்றம் சட்டென்று அறுந்துபோகும். றோட்டு அமைதியானால் பிறேக்கைத் தொடக்கூடாது, திருப்பக்கூடாது, வேகத்தை மெல்லக் குறைத்து நேரே போகவேண்டும். முதலில் உறைவது பாலம். அதற்குக் கீழே மண்ணின் சூடு இல்லை. பனியைக் கரைக்க உப்புப் போடும் லொறி நகரசபை எல்லையில் திரும்பிவிடும், அதற்கு அப்பால் றோட்டின் நிறமே வேறு. கடுங்குளிரைவிட மோசமானது பூச்சியத்தை ஒட்டி நிற்கும் காலை. இவற்றை எல்லாம் ஒவ்வொரு நாளும் எழுதி வைத்தேன். காலுறைக்கு மேல் பிளாஸ்ரிக் பையும், சட்டைக்குள் நெஞ்சோடு பத்திரிகைத் தாளுமாகப் புறப்பட்டு, படலையடியில் நின்று கையுறையைக் கழற்றித் தாரைத் தொட்டுப் பார்ப்பேன்.

என்னோடு ஒரே வாடகை வீட்டில் இருந்தவர் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். வேலை இல்லை. டெனிஷ் வகுப்புக்குப் போய்வந்து, சமையலைப் பார்த்துக்கொண்டார். நல்ல கைப்பக்குவம். நான் றோட்டைத் தொடுவதைக் கண்டால், "அண்ணை நாடி பாக்கிறார். பரியாரியார் என்ன சொல்லுறார் எண்டு கேளுங்கோ" என்பார்.

எங்கள் வாசலில் இருந்து றோட்டுக்குச் செங்கல் பதித்த சரிவான பாதை. வாசலடியில்தான் மோட்டார் சைக்கிள் நிற்கும். வீட்டுக்காரர் ஒரு வாளியில் பருமணல் வைத்துவிட்டுப் போயிருந்தார். பின்னேரம் வந்ததும் அதில் இருந்து அள்ளிப் பாதை முழுவதும் தூவுவது என் வேலை. அதை நான் ஒரு நாளும் தவறவிடவில்லை.

தைப்பொங்கலுக்கு முதல் நாள் என்னோடு இருந்தவர் வீடு முழுவதையும் கழுவித் துடைத்தார். நான் வழக்கம்போல மணலைத் தூவிவிட்டு நேரத்தோடு படுத்தேன். நான் படுத்தபிறகு அவர் அந்த மணலைக் கூட்டி அள்ளியிருக்கிறார். காலையில் நான் உடுத்திக்கொண்டிருக்கும்போது, சூடான தண்ணீரில் மஞ்சள் கரைத்து, வாசலில் தெளித்து, அரிசி மாவில் ஒரு கோலமும் போட்டிருக்கிறார். எனக்கு இது எதுவும் தெரியாது. மின்சார அடுப்பில் பொங்கிய புக்கையில் ஒரு பிடியை நின்றபடியே வாயில் போட்டுக்கொண்டு, ஹெல்மெட்டை மாட்டி வெளியே வந்தேன்.

அன்று உலர்ந்த கடுங்குளிர். அப்படிப்பட்ட நாளில் றோட்டு நன்றாகப் பிடிக்கும். எனக்குப் பயமே இருக்கவில்லை. மோட்டார் சைக்கிளில் ஏறி, நிறுத்துக் கம்பியைத் தட்டிவிட்டு, இடது காலை ஊன்றினேன். கால் போய்விட்டது. இடது கை கீழே, அதன்மேல் மோட்டார் சைக்கிள். ஹெல்மெட் கல்லில் முட்டக் கிடந்தபடி வாசல் விளக்கின் வெளிச்சத்தில் பார்த்தேன். பனிக்கட்டி மஞ்சளாக இருந்தது.

அவர் ஓடிவந்து மோட்டார் சைக்கிளைத் தூக்கினார்.

"நீர் இதிலை தண்ணி தெளிச்சனீரோ?" என்று கேட்டேன்.

"ஓம் அண்ணை. தெளிக்காமல் எப்பிடிப் பொங்கிறது?"

"மணல்?"

"வாசல் குப்பையாக் கிடந்தது. கூட்டிப்போட்டன்." மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, "நீங்களும் அவசரப்பட்டுப் போட்டியள்" என்றார்.

மணிக்கட்டு முறிந்திருந்தது. கட்டுப் போட்ட கையோடு போர்மனிடம் போனேன். அவர் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை. வருத்தம்தான், ஆனால் நூல் முடிய இரண்டு கையும் வேண்டும், யந்திரத்தை நிறுத்தி வைத்துக் காத்திருக்க முடியாது என்றார். பரீட்சைக் காலம் என்பதால் அதற்குமேல் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நான் எழுந்தபோது, உங்கள் ஆட்களில் வேறு யாராவது இருக்கிறார்களா, நேரத்துக்கு வரக்கூடியவர், என்று கேட்டார்.

இருந்தார். அடுத்த திங்கட்கிழமை என்னோடு இருந்தவர் என் மோட்டார் சைக்கிளில் என் யந்திரத்துக்குப் போனார். மோட்டார் சைக்கிளின் திறப்பை நான்தான் கொடுத்தேன். இரண்டு பேரும் சும்மா இருந்து ஆகப்போவது ஒன்றும் இல்லை.

அதன்பிறகு ஒவ்வொரு காலையும் வாசலில் நின்று கேட்பார், "அண்ணை, றோட்டு எப்பிடி?" நான் ஜன்னலடியில் நின்று பார்த்துச் சொல்லுவேன். மழை பெய்து ஓய்ந்து பூச்சியத்தில் நின்ற ஒரு காலை, "சும்மா ஈரம்தானே அண்ணை?" என்று கேட்டார். ஓம் என்ற ஒரு சொல் போதும். அது நாக்கு வரைக்கும் வந்தது. "பாலத்தடியிலை பிறேக்கைத் தொடாதையும். சத்தம் நிண்டால் நேரை விடும்" என்றேன். "சரி அண்ணை" என்று போனார். பத்திரமாகத் திரும்பியும் வந்தார்.

மாசி முடிய அவருக்கு வேலை நிரந்தரமானது. கட்டை அவிழ்த்தபின் நான் போய்க் கேட்டேன்; இடம் இல்லை. நடந்துபோகும் தூரத்தில் ஒரு பாடசாலையில் பின்னேரங்களில் தரை துடைக்கும் வேலை கிடைத்தது. மோட்டார் சைக்கிள் அவரிடமே நின்றுவிட்டது.

அந்தக் கோடையில் விபோர்க் நகரில் ஒரு மண்டபத்தில் பிறந்தநாள் கொண்டாட்டம். யாரோ என் கையைப் பற்றி விசாரித்தார்கள். நான் வாய் திறக்குமுன் அவர் சொன்னார்: "அண்ணைக்கு டென்மார்க் றோட்டெல்லாம் அத்துப்படி. வீட்டு வாசலைத்தான் தெரியாது." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மஞ்சள் தண்ணீரைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. பொங்கல் நாளில் வாசல் தெளித்தவனைக் குற்றம் சொன்னால் அந்த மண்டபத்தில் யார் என் பக்கம் நிற்பார்கள்?

அடுத்த தைப்பொங்கலுக்குள் அவருடைய மனைவி வந்துவிட்டார். வேறு வீடு எடுத்திருந்தார்கள். பொங்கலுக்கு அழைத்தார், நடந்து போனேன். அந்தக் காலையும் முந்திய ஆண்டைப் போலவே குளிர். றோட்டில் இருந்து வாசல் வரை பருமணல் தடிப்பாகப் போட்டிருந்தது. கால் வைக்கக் கால் வைக்க நெறுநெறுத்தது. கோலம் இல்லை, ஒரு துளி ஈரமும் இல்லை.

கோலத்தை உள்ளே ஒரு தட்டத்தில் போட்டிருந்தார்கள். நான் அதைப் பார்ப்பதைக் கண்டு அவருடைய மனைவி சொன்னார்: "வெளியிலை ஒரு சொட்டுத் தண்ணி ஊத்த இவர் விடேல்லை. வந்த நாளிலை இருந்து இதே சொல்லுத்தான்."

அவரோ பானைக்குள் பார்த்துக்கொண்டு கிண்டினார். பிறகு அகப்பையோடு திரும்பி, "அண்ணை, இன்னும் கொஞ்சம் வைக்கட்டோ?" என்றார்.

போதும் என்றேன்.